தகரக்கூரையின் வேகம்

குரல் பின்னால் வருகிறது, கிதார் முன்னே போய்த் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்க்கிறது, அதற்கப்புறம்தான் குரல் படியிறங்குகிறது, டைட்டஸ் மணவாளன் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சு வாங்குவது ஹெட்போனில் பச்சையாகக் கேட்கிறது, சிகாமணியின் வலது கை தன்பாட்டுக்கு மேசைமீது நகர்ந்து எதையோ தேடிப் போய்ப் பேனா ஸ்டாண்டில் இடித்து நிற்கிறது, தேடியது இருபத்தொன்பது வருடத்துக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த டூ-இன்-ஒன்னை, அதன் கேசட் மூடியை, பாட்டு இழுக்கிறதே, பெட்டிக்குள் ஏதோ கோளாறு என்று திறந்து பார்க்கப் போன கை அது, போனில் வரும் பாட்டுக்கு ஏது நாடாவைச் சுழற்றும் பெல்ட், ஏது கோளாறு, இது பாடுகிறவனின் சொந்த வேகம், அறுபத்தேழு வயசின் வேகம், கைக்கு அது தெரியவில்லை, தெரியாததில் குறையுமில்லை, உண்மையிலேயே பெட்டிக்குள் கோளாறு இருந்த அந்த வருடம் இதே கை சும்மா மடியில் கிடந்ததே, அதுதான் குறை. இன்றோடு பதினைந்து நாள், நாலு மணிக்கு அயனாவரத்தில் அமலதாஸ் காத்துக்கொண்டிருப்பான், டைட்டஸின் புது ஆல்பம் எப்படி என்று சிகாமணி வாயால் கேட்ட பிறகுதான் அவன் அதைத் தொடுவான், ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் தயாராக இருக்கிறது, அதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது மட்டும் இருபத்தொன்பது வருடமாகத் தயாராகவில்லை.

பதினைந்து நாள் கணக்கு அவர்கள் இரண்டு பேரும் வைத்துக்கொண்டது, அப்போது இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வயது, பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் டைட்டஸ் ரேஷன் கடை வரிசையைப் பற்றி எலெக்ட்ரிக் கிதாரோடு கத்திப் பாட, முன்வரிசை மாமாக்கள் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு எழுந்து போக, தமிழில் ராக்காம், போய்ப் பொழப்பைப் பாருங்கப்பா என்று யாரோ சொல்ல, சிகாமணி மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்த நாள் அது, டைட்டஸுக்குப் பின்னால் டிரம்ஸுக்கு நடுவில் ஒல்லியாக ஒருவன், நெற்றியிலிருந்து வியர்வை சொட்டச் சொட்டப் பாட்டை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போகிறான், அவன்தான் அமலதாஸ், முடிந்ததும் சிகாமணி அவனிடம் போய் மூன்றாவது பாட்டில் நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டீர்கள் என்றார், அவன் முறைத்தான், பிறகு சிரித்தான், ஆமா நைனா, ஒண்ணுக்கு வந்துச்சி, அடக்கிக்கினு வாசிச்சேன், உனக்கு எப்படித் தெரிஞ்சது என்றான், அன்றிலிருந்து சிகாமணி காது என்றால் அமலதாஸுக்கு வேதவாக்கு. அவன் வீட்டில் டிரம்ஸ் இருந்தது, பாட்டுப் பெட்டி இல்லை, மின்வாரியச் சம்பளத்தில் பர்மா பஜாரில் வாங்கிய டூ-இன்-ஒன் சிகாமணியிடம்தான் இருந்தது, அதனால் டைட்டஸின் கேசட் ஒன்று வெளிவந்தால் அமலதாஸ் அதை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வருவான், இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறப்பதில்லை, அதன்பின் பதினைந்து நாளைக்கு அந்தக் கேசட்டைத் தவிர வேறு பாட்டுக் கேட்பதில்லை, ரேடியோகூடக் கிடையாது, வேறு பாட்டுக் கேட்டால் காது கெட்டுவிடும் என்பது சிகாமணியின் கண்டுபிடிப்பு, பதினைந்தாம் நாள் அவர் தீர்ப்புச் சொல்வார், அதை அவரே நடத்திய ஒலிபெருக்கி என்ற எட்டுப் பக்க ஜெராக்ஸ் பத்திரிகையில் எழுதுவார், பக்தி முற்றினால் மனிதன் எவ்வளவு முட்டாளாக முடியும் என்பதற்கு அந்தப் பதினைந்து நாளைத் தவிர வேறு சாட்சி தேவையில்லை.

தகரக்கூரை வந்தது தொண்ணூற்றாறு மே மாதம், மூன்றாவது ஆல்பம், கத்திரி வெயில், மின்விசிறி அனலை அள்ளிக் கொட்டுகிறது, அமலதாஸ் கேசட்டைப் பிரித்துப் போடுகிறான், ஸ்டுடியோவுல அள்ளிடுச்சிடா, டைட்டஸே எழுந்து ஆடிட்டாரு என்று சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்குகிறான், முதல் பாட்டு வருகிறது, இரண்டாவது வருகிறது, சிகாமணி அமலதாஸின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்க்கிறார், ஜன்னலில் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் போர்வை, அதில் ஒரு மயில், அந்த மயில் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, பாட்டு நகர மாட்டேன் என்கிறது, டைட்டஸ் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்து பாடுகிற மாதிரி இருக்கிறது, டிரம்ஸ் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மயிரிழை பிந்துகிறது, ஒரு மயிரிழைதான், அதற்கு மேல் இருந்திருந்தால் பெட்டியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், மயிரிழை என்பதால் மனிதனைச் சந்தேகப்பட்டார்கள், பி பக்கம் முடிந்து பட்டன் தானாக எழும்பியதும் அமலதாஸ் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஸ்டுடியோவுல சரியாதான்டா இருந்தது என்றான், அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, சரின்னு எனக்குத் தோணிக்கீது, அவ்ளோதான் என்றான். பதினைந்து நாளும் சிகாமணி அதையே கேட்டார், வேறு ஒரு கேசட், ஒரே ஒரு பழைய கேசட் போட்டிருந்தால் அதுவும் இழுப்பது தெரிந்திருக்கும், போடவில்லை, விதியை மீறவில்லை, பதினைந்தாம் நாள் எழுதினார், டைட்டஸின் குரல் தூங்கி எழுந்து வாய் கொப்பளிக்காத குரல் என்றும், அமலதாஸின் டிரம்ஸ் பாட்டை முன்னே தள்ளாமல் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறது என்றும் எழுதினார், அச்சுக்குப் போகுமுன் அமலதாஸிடமே படிக்கக் கொடுத்தார், நண்பன் என்பதற்காக நேர்மையை விடலாமா என்ற திமிர், அவன் வாசலில் நின்றுகொண்டே படித்தான், கரெக்டாதான் எழுதிக்கீற என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தான், அந்தக் காகிதத்தில் அவன் விரல் ஈரம் இருந்தது.

அமலதாஸ் வாசிக்கப் போவதை நிறுத்தினான், டைட்டஸ் ஆள் அனுப்பினார், பிறகு தானே வந்தார், எவனோ ஜெராக்ஸ்ல எழுதறான்னு நீ ஏன்டா உக்காந்துட்ட என்று கத்தினார், அமலதாஸ் சொன்னது, அவன் எழுதனதுக்காவ இல்ல அண்ணே, நானே கேட்டேன், என் காதாலயே கேட்டேன், எனக்குள்ள இருக்கிற கடியாரம் நின்னுபோச்சி, அது தெரியாம நான் வாசிச்சினு இருக்கேன், என்பது. அவன் மாடி வீட்டிலிருந்து டிரம்ஸ் படியிறங்கிப் போனது, அது செங்குன்றம் பக்கம் ஒரு சர்ச்சுக்குப் போயிற்று, அந்தப் படிக்கட்டு சிகாமணிக்கு அடிக்கடி கனவில் வரும், குறுகலான படி, நடுவில் ஒரு திருப்பம், பாஸ் டிரம் இறங்குகிறது, யாருடையதோ இரண்டு கைகள் அதை அணைத்துப் பிடித்திருக்கின்றன, தெருவில் காவி உடுத்தியவர்கள் பாடிக்கொண்டே நடந்து போகிறார்கள், கனவுதோறும் டிரம் பெரிதாகிறது, படிக்கட்டு முடிவதே இல்லை, விழித்தெழுந்து தண்ணீர் குடிப்பார். பெல்ட் மாற்றியது அதற்கப்புறம், அப்புறம்தான், மே மாதம் கட்டுரை, பிறகு டிரம்ஸ் போனது, பிறகுதான் பெல்ட், இந்த வரிசையில்தான் சிகாமணி எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறார், அம்மா திருத்தணிக்குப் போயிருந்த ஒரு நாள், வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், பெட்டி நாடாவைக் கடிக்கிறதே என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனார், அவர் பின்பக்கத்தைக் கழற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை விரலில் தொங்கவிட்டுக் காட்டினார், இன்னா சார் இது, பெல்ட்டு பழைய ஜட்டி எலாஸ்டிக் மாதிரி தொங்குது, எத்தினி மாசமா இப்படிக் கேக்கறீங்க என்றார், வெயிலுக்கு இளகிக்கும் சார், கொஞ்சம் கொஞ்சமா இளகறதால காதுக்குத் தெரியாது என்றார். வீட்டுக்கு வந்து தகரக்கூரையைப் போட்டார், அந்த முதல் பாட்டு எழுந்து நின்றது, எழுந்து ஓடியது, டைட்டஸ் கத்தினார், பின்னால் அமலதாஸ் அடித்த அடியில் ஒன்றுகூடப் பிந்தவில்லை, மேசைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது, சிகாமணி தரையில் உட்கார்ந்து அழுதார், சந்தோஷத்தில் பாதி, மீதி எதிலென்று அவருக்கே தெரியும்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம், அயனாவரம் என்ன அடுத்த நாடா, இருபது நிமிஷ நடை, ஆனால் அந்த வாரம்தான் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து கார்டு வந்திருந்தது, ஒலிபெருக்கியில் தகரக்கூரை பற்றி நீங்கள் எழுதியது அபாரம், காது உள்ள மனிதர் நீங்கள், மாதம் ஒரு பத்தி எழுதித் தர முடியுமா என்று, காது உள்ள மனிதர் என்ற மூன்று வார்த்தை, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார், பெல்ட் தளர்ந்த பெட்டியில் கேட்டு எழுதினேன் என்று யாரிடம் சொல்வது, ஊரே கைகொட்டிச் சிரிக்காதா, அடுத்த வாரம் சொல்லலாம், பொங்கல் கழித்துச் சொல்லலாம், இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது, டிரம்ஸ்தான் போய்விட்டதே, இப்படியாக ஒரு மனிதர் பதினோரு வருடம் இசைப் பத்தி எழுதி, பெயரும் வாங்கி, பத்திரிகையும் நின்று, தலையும் நரைத்தார். அமலதாஸ் புதுப்பேட்டையில் கார் சீட் கவர் தைக்கும் கடைக்குப் போனான், சகோதரனைப் போலப் பழகினான், சிகாமணியின் அம்மா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தான், ஆனால் பாட்டுக் கேட்கும்போது அவன் கை மடியைவிட்டு எழுந்ததில்லை, ஒரு விரல்கூட ஆடாது, அவன் மகள் கல்யாணத்தில் பேண்டு வாசித்தவன் தாளத்தைக் குளறி அடித்தபோது சிகாமணி முகம் சுளித்தார், அமலதாஸ் அவர் பக்கம் சாய்ந்து, ஏன்டா, தப்பா வாசிக்கிறானா, எனக்குத்தான் தெரியாதே என்றான், வருத்தமில்லாமல் சொன்னான், கண் தெரியாதவர் பஸ் நம்பரைக் கேட்பது போலக் கேட்டான். டைட்டஸ் பிறகு டிரம் மெஷினை வைத்து ஒரு ஆல்பம் செய்தார், எடுபடவில்லை, பாட்டை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் வைத்தார் என்று கேள்வி, போன மாதம் திடீரென்று பழைய எண், புதிய எண் என்ற பெயரில் இந்த ஆல்பம், எட்டுப் பாட்டு, கூடவே தன் பழைய ஆல்பங்கள் எல்லாவற்றையும் போனில் கேட்கும்படி ஏற்றிவிட்டார், தகரக்கூரையும் அதில் இருக்கிறது. அமலதாஸ்தான் போன் செய்தான், கேட்டியாடா, டைட்டஸ் அண்ணன் புதுசு போட்டுக்கீறாராம், மகள் எனக்குப் பெரிய போன் வாங்கித் தந்துக்கீது, பழசும் எல்லாம் அதுல வருமாமே, நான் எதையும் தொடல, நீ பதினஞ்சு நாளு கேட்டுட்டு வந்து சொல்லு என்றான், அவன் விரலுக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவில் இப்போது ஒரு கண்ணாடிதான் இருக்கிறது, என்றைக்காவது தொடத்தான் போகிறான், அதற்குள் சொல்ல வேண்டும், பெல்ட்டைப் பற்றி இந்த வாயால் சொல்லாமல் அவனாகவே கண்டுபிடித்தால் அதைவிடக் கேவலம் இல்லை.

நடந்தே போனார், ஹெட்போனைக் கழற்றாமல், ஆறாவது பாட்டு ஓட, தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய தன் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி டைட்டஸ் பாடுகிற பாட்டு, அமலதாஸ் மாடியில் அதே வீட்டில்தான் இருக்கிறான், அவர் படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்ததும், சொல்லுடா என்றான், சிகாமணி சொன்னார். நல்ல ஆல்பம், பெரிய ஆல்பம் இல்ல, ரெண்டு பாட்டு எதுக்குன்னே தெரியல, தெருவுக்குப் பேரு மாத்தறதப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, அது பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கு, ஆனா நாலாவதும் ஆறாவதும் இருக்கே, அந்த ஆளு இவ்ளோ நாளு பாடாம இருந்தது அதுக்குத்தான்னு தோணுது, முன்னாடி கத்தி நம்மள எழுப்புவாரு, இப்ப பக்கத்துல உக்காந்து மூச்சு வுடறாரு, டிரம்ஸு ஒரு சின்னப் பொண்ணு, ஆவடியாம், நல்லா வாசிக்குது, அவருக்குக் காத்திருந்து வாசிக்குது, குரல் மெதுவாத்தான் வருது, ஆனா அது நெஜமான மெதுவு, என்றார், சொல்லிவிட்டு அந்தக் கடைசி வார்த்தையில் மாட்டிக்கொண்டார். நெஜமான மெதுவுன்னா, என்று அமலதாஸ் கேட்டான், அப்ப பொய்யான மெதுவு ஒண்ணு இருக்குதா. சிகாமணி தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், இருந்துச்சு, தகரக்கூரை இழுக்கலடா, என் பெட்டிதான் இழுத்துச்சு, பெல்ட்டு தளர்ந்து கெடந்தது, மெக்கானிக் காட்டனாரு, மாத்திட்டுக் கேட்டேன், ஒரு அடி பிந்தல, அன்னிக்கு ஆடிக் கிருத்திகை, அம்மா திருத்தணி போயிருந்தாங்க, வீட்ல நான் மட்டும், உக்காந்து அழுதேன், உன்கிட்ட சொல்லல, இத்தன வருஷமா சொல்லல.

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்திரிக்காய் விலையைச் சொல்லிக்கொண்டு கடந்து போனார், பிறகு அமலதாஸ் கேட்டது சின்னப் பிள்ளை கேட்பது போல இருந்தது, அப்ப நான் சரியாதான் வாசிச்சேனா. சரியா வாசிச்ச. டைட்டஸ் அண்ணனும் சரியா பாடனாரா. சரியா பாடனாரு. அவன் போனை எடுத்தான், எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடினான், சிகாமணி உதவப் போக, வேணாம், நானே போடறேன் என்றான், தகரக்கூரை ஓடத் தொடங்கியது, அந்தச் சிறிய போனிலிருந்து தொண்ணூற்றாறின் டைட்டஸ் கத்திக்கொண்டு வந்தார், அமலதாஸின் முகம் முதலில் எதையோ தடுப்பது போல இறுகியது, பிறகு தளர்ந்தது, இருபத்தொன்பது வருடமாக மடியில் கிடந்த கை எழுந்து நாற்காலியின் கைப்பிடியில் விழுந்தது, இன்னொன்று தொடையில், அறுபத்தோரு வயதில் அவன் தன் வாசிப்புக்கு மேலேயே தானும் வாசித்தான், கண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை, பாரேன், பாரேன், இந்த எடத்துல பாரேன் என்கிறான், சிகாமணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று நினைத்தார், அப்படி நினைக்கும் அளவுக்கு நிம்மதியாக இருந்தார்.

முதல் பாட்டு முடியும் தறுவாயில் அமலதாஸின் கை நின்றது. சிகா, என்றான், ஆடிக் கிருத்திகைன்னா சொன்ன. ஆமாம் என்றார். ஆடியில வருமே, அதுதான. அதுதான். ஆடி முடிஞ்சி எத்தினி நாளு கழிச்சிடா வேளாங்கண்ணி கொடியேத்தம், என்று கேட்டான், சிகாமணிக்குச் சட்டென்று புரியவில்லை, இருக்கும், ஒரு ரெண்டு வாரம் என்றார். நான் டிரம்ஸ அனுப்பனது கொடியேத்தத்தன்னிக்கி, காலையில டெம்போல ஏத்திட்டு, சாயங்காலம் பிலோமினாவ இட்டுக்கினு பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போனேன், அன்னிக்கிதான் கடைசியா அழுதேன், அதனால மறக்கல, என்று அமலதாஸ் சொன்னான், நிதானமாகச் சொன்னான், நீதானடா பாஸ் டிரம்ம எறக்குன, திருப்பத்துல இடிக்குது பாத்துடான்னு மேல நின்னு நான்தான் கத்தனேன். சிகாமணியின் வீட்டில் ஆடிக் கிருத்திகை ஒரு காலண்டரில் இருந்தது, கொடியேற்றம் அமலதாஸ் வீட்டுக் காலண்டரில், இரண்டையும் அவர் ஒரு நாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை, பார்க்காமல் இருப்பதற்குத்தான் அந்த வரிசை, கட்டுரை, டிரம்ஸ், பெல்ட், பெல்ட் மாற்றிக் குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் டிரம்ஸ் போயிருக்கிறது, கனவில் டிரம்மை அணைத்திருந்த கைகள் யாருடையவை என்று இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது அந்தக் கைகளின் கணு தெரிகிறது, இடது கையில் கட்டியிருந்த வாட்ச் தெரிகிறது, தெருவில் காவி உடுத்தி நடந்தவர்கள் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் என்பது தெரிகிறது, வாயைத் திறந்து ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த டிரம் படியேறித் திரும்பிப் போயிருக்கும். தெரிஞ்சிதான் புடிச்சியா, என்று அமலதாஸ் கேட்டான். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், அது பாதி உண்மைகூட, சிகாமணி சொல்லவில்லை, தெரிஞ்சுதான் புடிச்சேன் என்றார்.

இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவன் மனைவி பிலோமினாவின் குரல், ரெண்டு பேருக்கும் காபி போடட்டுமாங்க. எனக்கு மட்டும் போடு என்றான் அமலதாஸ், சத்தத்தைக் கூட்டினான், அவர் பக்கம் திரும்பவில்லை, சிகாமணி எழுந்தார், செருப்பை மாட்டினார், சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், திருப்பத்தில் கால் தானாக நின்றது, மேலே கதவு சாத்தும் சத்தம், கதவுக்குப் பின்னால் பாட்டு, முப்பத்திரண்டு வயது அமலதாஸ் டைட்டஸின் முதுகில் கைவைத்து அவரை முன்னே முன்னே தள்ளிக்கொண்டு போகிறான், ஒரு அடி பிந்தவில்லை, அதற்கு மேலே ஒரு கிழவனின் உள்ளங்கை நாற்காலியில் விழும் ஓசை, அதுவும் பிந்தவில்லை, எப்படி இருக்கிறது என்று கேட்க யாரும் இல்லை, சிகாமணி படியிலேயே நின்று அந்தப் பாட்டைக் கேட்டார், அது முடிந்து அடுத்தது தொடங்கியது, அதையும் கேட்டார்.